சிடிசி 14.4 லட்சம்னு ஆஃபர் வந்திருக்கு, மாசம் உண்மையிலேயே கைக்கு எவ்வளவு வரும்?

புதுஆஃபர்_சென்னை கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். இப்ப இருக்கிற கம்பெனியில எனக்கு மாசம் 58,000 கிராஸ் (பிடித்தத்துக்கு முன்னாடி), பிஎஃப் 1,800 பிடிச்சது போக 56,200 அக்கவுண்ட்ல விழுது. இப்ப புது கம்பெனியில வருஷத்துக்கு 14,40,000 சிடிசின்னு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு, 2025 மே மாசம் ஜாயினிங். ஹெச்ஆர் போன்ல பேசும்போது "மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம் வருது சார்"னு சொன்னாங்க. அதைக் கேட்டதுல இருந்து வீட்ல எல்லாரும் 1,20,000-த்த வச்சே பிளான் போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா, 45,000 இஎம்ஐ வர்ற மாதிரி வீட்டு லோன் போட்டுடலாம், மீதி 75,000 கையில நிக்கும்ல, தாராளமா சமாளிக்கலாம்ங்கிறார். எனக்கு என்னமோ அந்த நம்பர் மேல நம்பிக்கை வரல.

லெட்டர்ல பின்னாடி அனெக்சர்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல இருக்கறத அப்படியே போடறேன், எல்லாம் வருஷக் கணக்கு. பேசிக் 7,20,000, ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) 3,60,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 1,30,968, கம்பெனி போடற பிஎஃப் 86,400, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 34,632, மெடிக்கல் இன்சூரன்ஸ் 12,000, வேரியபிள் பே 96,000. எல்லாத்தையும் கூட்டினா கரெக்டா 14,40,000 வருது.

சென்னையில வாடகை வீடு, மாசம் 18,000. எல்ஐசி மாதிரி வருஷம் 60,000 சொச்சம் கட்டறேன். 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு பட்ஜெட்ல சொன்னாங்களே, அது எனக்குப் பொருந்துமா? வருமான வரியில பழைய ரெஜிமா (நெறைய கழிவு உள்ள முறை), புது ரெஜிமா (கழிவு கம்மி, வரி விகிதமும் கம்மி)? மாசா மாசம் கடைசியில கைக்கு என்னதான் வரும்னு யாராவது தெளிவா சொன்னா அப்பாகிட்ட பேச வசதியா இருக்கும்.

---

பேரோல்_மணி பதில்:

தம்பி, அனெக்சர முழுசா போட்டது ரொம்ப நல்லது, பாதி பேர் சிடிசி நம்பர மட்டும் சொல்லிட்டு இன்ஹேண்ட் எவ்வளவுன்னு கேப்பாங்க, அதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. நான் பேரோல்ல வேலை பாக்கறவன், உங்க கணக்க வரிவரியா பாத்துடலாம்.

முதல்ல, சிடிசிங்கிறது கம்பெனி உங்களுக்காக செலவு பண்ற மொத்தத் தொகை. அதுல மாசா மாசம் சம்பளமா வராத ஐட்டம் நாலு இருக்கு. கம்பெனி பங்கு பிஎஃப் 86,400, இது உங்க பணம்தான் ஆனா பிஎஃப் கணக்குக்குப் போகுது. கிராஜுவிட்டி 34,632, இது பேசிக்ல 4.81 சதவீதம்னு ஒரு கணக்குல போட்டு வச்சிருக்காங்க, அஞ்சு வருஷம் சர்வீஸ் முடிச்சாதான் கிடைக்கும், நடுவுல விட்டுட்டுப் போனா அந்தக் காசு இல்ல. இன்சூரன்ஸ் 12,000, அது கம்பெனி குரூப் பாலிசிக்கு கட்டற பிரீமியம். வேரியபிள் 96,000, இது வருஷத்துக்கு ஒருதடவை ரேட்டிங்கப் பாத்து கொடுக்கறது, முழுசா வரலாம், பாதி வரலாம், மாசச் சம்பளத்துல சேத்தே பாக்காதீங்க.

இந்த நாலையும் கழிச்சா மிச்சம் பேசிக், ஹெச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் மூணும்தான். மாசக் கணக்குல 60,000 + 30,000 + 10,914, ஆக 1,00,914. பேஸ்லிப்ல கிராஸ்னு வரப்போற நம்பர் இதுதான், ஹெச்ஆர் சொன்ன 1,20,000 இங்கேயே 19,000-க்கு மேல இறங்கிடுச்சு.

இதுல இருந்து உங்க பங்கு பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம், 7,200 பிடிப்பாங்க. மிச்சம் 93,714. இது போக தொழில் வரின்னு ஒண்ணு இருக்கு, நம்ம ஊர்ல மாநகராட்சி ஆறு மாசத்துக்கு ஒருதடவை வாங்கும், உங்க சம்பளத்துக்கு ஒவ்வொரு அரையாண்டுக்கும் 1,250. சில கம்பெனி அதை ஒரே மாசத்துல பிடிச்சிடுவாங்க, அந்த மாசம் சம்பளம் கொஞ்சம் குறையும், பதறாதீங்க.

இப்ப வருமான வரி. 2025-26 நிதியாண்டுக்கு புது ரெஜிம்ல 4 லட்சம் வரைக்கும் இல்ல, 4-ல இருந்து 8 வரைக்கும் 5 சதவீதம், 8-12 க்கு 10, 12-16 க்கு 15, அப்புறம் 20, 25, 24 லட்சத்துக்கு மேல 30-ன்னு போகுது. சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழிப்பாங்க. கழிச்சதுக்கு அப்புறம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா 87ஏ ரிபேட் (வரித் தள்ளுபடி) வந்து வரி மொத்தமும் அடிபட்டுப் போயிடும். அதனாலதான் 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு பேசிக்கறாங்க.

ஒரு முழு வருஷம்னு வச்சுக்குங்க. வேரியபிள் இல்லாம உங்க கிராஸ் 12,10,968, இதுல 75,000 போனா 11,35,968. 12 லட்சத்துக்குக் கீழ, வரி பூஜ்யம். வேரியபிள் 96,000 முழுசா வந்தா 13,06,968, 75,000 போக 12,31,968. கோட்டைத் தாண்டிட்டீங்க. இங்கதான் நெறைய பேர் குழம்பறாங்க. மேல சொன்ன ஸ்லாப்படி போட்டா 64,795 ரூபா வரி வருது, ஆனா அவ்வளவும் கட்ட வேண்டியதில்ல, மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு, 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு போச்சோ அதுக்கு மேல வரி வாங்கக் கூடாது. நீங்க மேல போனது 31,968, அதனால வரியும் 31,968, அது மேல 4 சதவீதம் செஸ் 1,279, மொத்தம் 33,247.

இத கொஞ்சம் நிதானமா பாருங்க. 96,000 வேரியபிள் வாங்கினா அதுல 33,247 வரிக்கே போகுது, கையில நிக்கறது 62,753. வேரியபிள நம்பி எந்தச் செலவும் வச்சுக்க வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

கம்பெனி வேரியபிளையும் முன்கூட்டியே கணக்குல எடுத்து மாசா மாசம் டிடிஎஸ் (சம்பளத்துலயே முன்கூட்டி எடுக்கற வரி) பிடிச்சா மாசம் 2,771 போகும், கைக்கு 90,943. எடுக்கலன்னா 93,714 வரும், வேரியபிள் வர்ற மாசத்துல மொத்தமா பிடிச்சுக்குவாங்க. ஆக அப்பாகிட்ட 90,000-னு சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு ரூபாகூட சொல்லாதீங்க. 45,000 இஎம்ஐ போட்டா சம்பளத்துல சரிபாதி போயிடும், அது மேல வாடகையும் ஓடிட்டிருந்தா மூச்சு முட்டும். என்னைக் கேட்டா 35,000-த்தத் தாண்ட வேணாம்.

---

வாடகைவீட்டுக்காரர் பதில்:

ப்ரோ, நீங்க பழைய ரெஜிம் எடுத்தா ஹெச்ஆர்ஏ கழிக்கலாமே? ஹெச்ஆர்ஏ 3,60,000 வருது, அதை அப்படியே கழிச்சு, 80சி (பிஎஃப், எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான கழிவு) 1,50,000, இன்சூரன்ஸ் எல்லாம் போட்டா வரி ரொம்பக் கம்மியா வரும்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க.

---

ஆடிட்ஆபீஸ்_அக்கா பதில்:

மேல இருக்கறவர் சொன்னத அப்படியே எடுத்துக்க வேணாம், ஹெச்ஆர்ஏ வர்றது முழுசும் கழிக்க முடியாது. மூணு தொகை பாக்கணும், கம்பெனி கொடுத்த ஹெச்ஆர்ஏ 3,60,000, சென்னைங்கறதால பேசிக்ல பாதி 3,60,000, கட்டின வாடகையில இருந்து பேசிக்ல பத்து சதவீதத்தக் கழிச்சது. வாடகை வருஷம் 2,16,000, பேசிக்ல பத்து சதவீதம் 72,000, மிச்சம் 1,44,000. மூணுல எது கம்மியோ அதுதான், அதாவது 1,44,000 மட்டும்தான் கழியும்.

இப்ப பழைய ரெஜிம்ல போட்டுப் பாப்போம். மொத்தம் 13,06,968. ஹெச்ஆர்ஏ 1,44,000, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் அங்க 50,000தான், 80சி 1,50,000 (உங்க பிஎஃப் 86,400, எல்ஐசியோட சேத்தா கிட்டத்தட்ட நிரம்பிடும்), தனியா மெடிக்கல் பாலிசி இருந்தா 80டி 25,000, தொழில் வரி 2,500. எல்லாம் போனா 9,35,468. இதுக்கு வரி 99,594, செஸ்ஸோட 1,03,578. புது ரெஜிம்ல 33,247. எழுபதாயிரம் வித்தியாசம், யோசிக்கவே வேணாம்.

பழைய ரெஜிம் உங்களுக்கு லாபமாகணும்னா மொத்தக் கழிவு ஏழு லட்சத்துக்கு மேல இருக்கணும். நாளைக்கு வீட்டு லோன் எடுத்தா சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு வட்டியில 2,00,000 வரைக்கும் கழிக்கலாம், ஆனா அந்த வீட்லயே குடி போனா வாடகையும் ஹெச்ஆர்ஏவும் போயிடும், அப்பவும் எட்டாது. நம்மகிட்ட வர்ற சம்பளக்காரங்க நிறைய பேர் வரியைக் குறைக்கணும்னே தேவையில்லாத பாலிசி எல்லாம் போட்டு வச்சிருக்காங்க, இப்ப புது ரெஜிம்ல அதுக்கு எந்தக் கழிவும் இல்ல, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. பாதுகாப்புக்கு வேணும்னா பாலிசி எடுங்க, வரிக்காக எடுக்காதீங்க.

---

கைக்காசு பதில்:

இன்ஹேண்ட் ஏறணும்னா ஒரு சிம்பிள் வழி இருக்கு, பிஎஃப்ப 1,800-ஆ குறைக்கச் சொல்லுங்க. சட்டப்படி 15,000 பேசிக்குக்கு 12 சதவீதம் போட்டாலே போதும். கம்பெனி பங்கும் 1,800 ஆகிடும், மீதி ஸ்பெஷல் அலவன்ஸ்ல வந்துடும். நிறைய கம்பெனியில ஜாயின் பண்ணும்போதே கேப்பாங்க.

---

பேரோல்_மணி பதில்:

அது முடியும், ஆனா இந்தத் தம்பிக்கு அது சரிவராது, ஏன்னு நம்பரோட சொல்றேன். கம்பெனி பங்கு 86,400-ல இருந்து 21,600 ஆனா மிச்ச 64,800 சம்பளமா மாறும், சம்பளமா மாறின உடனே அது வரிக்குள்ள வந்துடும். வரிக்குரிய வருமானம் 12,96,768 ஆகும். இங்க மார்ஜினல் ரிலீஃபும் கிடைக்காது, அது கிட்டத்தட்ட 12,70,600-ஓட தீந்து போயிடும். ஸ்லாப்படி 74,515, செஸ்ஸோட 77,496. முன்னாடி 33,247. அதாவது 64,800-ஐ பிஎஃப்ல இருந்து வெளிய எடுக்கறதுக்கு 44,249 வரி கூடுதலா கட்டறார். பிஎஃப்லயே விட்டிருந்தா 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தாங்க. கையில மாசம் ஏழாயிரம் சொச்சம் கூட வரும், உண்மைதான், ஆனா அது பெரும்பாலும் அவரோட சொந்த பிஎஃப் காசேதான்.

கடன் நெருக்கடி இருக்கறவங்களுக்கு இது தேவைப்படலாம், நான் தப்பு சொல்லல. இவர் சம்பளம் சரியா அந்த 12 லட்சம் கோட்டுப் பக்கத்துல நிக்கறதால அடி ஜாஸ்தியா விழுது, அவ்வளவுதான்.

---

ஆடிட்ஆபீஸ்_அக்கா பதில்:

மணி சார் சொன்னத ஒட்டியே இன்னொண்ணு சொல்றேன், இதை யாரும் அதிகமா சொல்றதில்ல. உங்க புது கம்பெனியில கார்ப்பரேட் என்பிஎஸ் (கம்பெனி வழியா சேர்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. கம்பெனி தன் பேர்ல உங்க என்பிஎஸ் கணக்குல போடற தொகை, பேசிக்ல 14 சதவீதம் வரைக்கும், புது ரெஜிம்லயும் வரியில கழியும். 80சிசிடி(2)ன்னு பேரு. புது ரெஜிம்ல சம்பளக்காரங்களுக்கு மிஞ்சியிருக்கற ஒண்ணு ரெண்டு கழிவுல இது முக்கியமானது. உங்களுக்கு வருஷம் 1,00,800 வரைக்கும் போடலாம்.

அவ்வளவு வேணாம். ஸ்பெஷல் அலவன்ஸ்ல இருந்து மாசம் 3,000 மட்டும் என்பிஎஸ்க்கு மாத்தச் சொல்லுங்க, வருஷம் 36,000. வரிக்குரிய வருமானம் 12,31,968-ல இருந்து 11,95,968 ஆகிடும். 12 லட்சத்துக்குக் கீழ. வரி பூஜ்யம்! என்பிஎஸ் இல்லாம டிடிஎஸ் கட்டினா கைக்கு 90,943 வருதுன்னு மேல பாத்தோம்ல, என்பிஎஸ் போட்டு டிடிஎஸ் இல்லாம 90,714 வரும். மாசம் 229 ரூபாதான் வித்தியாசம், ஆனா வருஷக் கடைசியில உங்க பேர்ல 36,000 சேந்திருக்கும். அரசாங்கத்துக்குப் போக வேண்டிய 33,247 உங்க கணக்குலயே நின்னுடுது.

ரெண்டு விஷயம் கவனமா பாருங்க. என்பிஎஸ் காசு 60 வயசு வரைக்கும் லேசுல எடுக்க முடியாது, அதுக்கு மனசு ஒத்துக்கணும். அடுத்தது, 11,95,968-ங்கிறது கோட்டுக்கு நாலாயிரம்தான் கீழ. பேங்க்ல எஃப்டி வட்டி, சேவிங்ஸ் வட்டி வந்தா அதுவும் வருமானத்துல சேரும், புது ரெஜிம்ல அதுக்குக் கழிவு கிடையாது. எஃப்டி இருந்தா 3,000-க்குப் பதிலா 4,000-னு வச்சுக்குங்க. ஷேர் வித்து ஷார்ட் டேர்ம் லாபம் பாத்திருந்தா அதுக்கு 20 சதவீதம் தனி வரி, அதுக்கு இந்த ரிபேட் உதவாது.

---

புதுஆஃபர்_சென்னை பதில்:

அக்கா, மணி சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இந்த த்ரெட்ட அப்படியே அப்பாகிட்ட காட்டினேன். முதல்ல நம்பல, அனெக்சர எடுத்து வச்சு பேனாவால ஒவ்வொண்ணா கழிச்சு 93,714 வந்ததும்தான் ஒத்துக்கிட்டார். வீட்டு லோன் பேச்சு இப்ப 35,000-க்கு வந்திருக்கு, ஆறு மாச சம்பளம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லிட்டார். ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டேன், கார்ப்பரேட் என்பிஎஸ் இருக்காம், ஜாயின் பண்ணி போர்ட்டல்ல செலக்ட் பண்ணிக்கலாம்னாங்க.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ஏப்ரல் மாசம் பழைய கம்பெனி சம்பளம், மே-ல இருந்து புது கம்பெனி. இது எப்படி கணக்காகும்?

---

பேரோல்_மணி பதில்:

நல்ல கேள்வி, இத கேக்காம விட்டு ஜூலையில ரிட்டர்ன் போடும்போது கைக்காசக் கட்டறவங்க எக்கச்சக்கம். வரி நிதியாண்டு முழுசுக்கும் சேத்துதான், எத்தனை கம்பெனி மாறினாலும் சரி. புது கம்பெனியில 12பி ஃபாரம்ல பழைய கம்பெனி ஏப்ரல் சம்பளம், பிடிச்ச பிஎஃப், டிடிஎஸ் எல்லாம் எழுதிக் கொடுத்துடுங்க. கொடுக்கலன்னா ரெண்டு கம்பெனியும் தனித்தனியா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் கழிச்சு, 4 லட்சம் வரைக்கும் வரி இல்லங்கறதையும் ரெண்டு தடவை கொடுத்துடுவாங்க, ரிட்டர்ன்ல மொத்தமும் ஒண்ணாச் சேரும்போது பாக்கி வட்டியோட வந்து நிக்கும்.

உங்களுக்கு இந்த வருஷம் பயமில்ல. ஏப்ரல் 58,000, புது கம்பெனியில பதினொரு மாசம் 11,10,054, ஆக 11,68,054. 75,000 போனா 10,93,054. வேரியபிள் அடுத்த நிதியாண்டுல தர்றாங்கன்னா இந்த வருஷம் வரியே இல்ல. அதனால எப்ப தருவாங்கன்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க, அடுத்த மார்ச்சுக்கு அப்புறம்தான்னா இந்த வருஷ டிடிஎஸ் கணக்குல அதைச் சேக்க வேணாம்னு பேரோல் டீமுக்கு ஒரு மெயில் போடுங்க. என்பிஎஸ்ஸும் இந்த வருஷம் வரிக்காக அவசரமில்ல, அடுத்த ஏப்ரல்ல இன்கிரிமென்ட் வந்ததும் புது நம்பர வச்சு மறுபடியும் கணக்கு போட்டுத் தொகையை முடிவு பண்ணுங்க.

---

முதல்வேலை_கோவை பதில்:

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். எனக்கு இதுதான் முதல் வேலை, மாசம் 23,184 சிடிசி. கிராஸ் 20,500, பேசிக் 12,000. எனக்கு வரியெல்லாம் வராதுன்னு தெரியும், அப்ப 20,500 கைக்கு வருமா?

---

ஆடிட்ஆபீஸ்_அக்கா பதில்:

வாழ்த்துகள் பா. வராது, ஆனா பிடிக்கறதுல உனக்கு உபயோகமானது இருக்கு. பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம் 1,440. உன் கிராஸ் 21,000-க்குள்ள இருக்கறதால இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரும், உன் பங்கு 0.75 சதவீதம், 154 ரூபா. கைக்கு 18,906. தொழில் வரி ஆறு மாசத்துக்கு ஒருதடவை 1,250, அந்த மாசம் கொஞ்சம் கம்மியா வரும்.

சிடிசில மிச்சம் எங்க போச்சுன்னா கம்பெனி பங்கு பிஎஃப் 1,440, கம்பெனி பங்கு இஎஸ்ஐ 3.25 சதவீதம் 667, கிராஜுவிட்டி 577. கூட்டிப் பாரு, 23,184 சரியா வரும். அந்த 154 ரூபாய்க்கு உனக்கு மட்டுமில்ல, உன்னை நம்பி இருக்கற அப்பா அம்மாவுக்கும் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்கலாம், ஜாயின் பண்ணின உடனே அவங்க பேரையும் சேத்து கார்ட் எடுத்துடு. நடுவுல சம்பளம் ஏறி 21,000-த்தத் தாண்டினாலும் அந்த அரையாண்டு, அதாவது செப்டம்பர் இல்லன்னா மார்ச் முடியற வரைக்கும் இஎஸ்ஐ பிடிப்பாங்க, வைத்தியமும் தொடரும். பிஎஃப்க்கு யூஏஎன் நம்பர் வரும், ஆதார், பேங்க் கணக்கு ரெண்டையும் அதுல இணைச்சு, நாமினி பேரையும் முதல் மாசமே போட்டுடு.